உப்புத்தண்ணீரில் காரீயம்: அச்சிட்ட மின்முனையால் அளக்கும் உணரியை உருவாக்கும் முறை

நொய்யல் கரையை ஒட்டிய ஓர் ஊரில் கிணற்று நீர் எடுக்கச் சென்றிருந்தபோது, தோட்டத்துக்காரர் ஒருவர் எங்கள் பாட்டில்களையும் குறிப்பேட்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க சார், அதெல்லாம் இருக்கட்டுங்க, இந்தத் தண்ணியப் பேரனுக்குக் குடுக்கலாமுங்களா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அவருக்குச் சொல்ல அன்று என்னிடம் விடை இல்லை. ஆய்வகத்தில் தூய கரைசலில் கலந்த காரீயத்தைத் தெளிவாகக் காட்டிய எங்கள் உணரி, அவருடைய கிணற்றின் உப்புத்தண்ணீரில் வைத்தபோது நம்பத் தகுந்த எதையும் காட்டவில்லை. கல்லூரி ஆய்வகங்களில் இத்தகைய உணரிகளை உருவாக்கத் தொடங்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் மின்முனையிலிருந்து தொடங்குகிறார்கள்; நானும் அப்படித்தான் தொடங்கினேன். அளக்கப்போகும் தண்ணீரிலிருந்து தொடங்கி, அதற்கேற்ப மின்முனையையும் கரைசலையும் அமைக்க வேண்டும் என்பது பின்னர் கற்றுக்கொண்டது. கீழே உள்ள செய்முறை அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். இங்கே பேசப்படுவது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் காரீயம். கலப்படமான சொம்பில் காரீயமும் இருக்கக்கூடும் என்பதால் அதுவும் சோதிக்கத் தக்க பொருள்தான், ஆனால் சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500:2012, காரீயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்துள்ளது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்திலும் இந்த எல்லைக்குத் தளர்வு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் இதுவே. பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு காரீயம் கரைந்திருந்தால் இந்த எல்லையைத் தொட்டுவிடும் என்று எண்ணிப் பார்த்தால், நாம் தேடும் பொருள் எவ்வளவு சிறிது என்பது விளங்கும். மாதிரி நீரை, பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலோடு சரிபாதியாகக் கலக்கப்போகிறோம் என்பதால் அளவுக் கலத்தில் செறிவு இன்னும் பாதியாகக் குறையும். ஆகவே லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரை கண்டறியும் உணரியை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். 50 மைக்ரோகிராமுக்குக் கீழே ஒன்றும் தெரியாத உணரி குடிநீருக்குப் பயன்படாது.

சேர்த்து வைத்து எண்ணும் முறை

இவ்வளவு சிறிய செறிவை நேரடியாக அளந்தால் மின்னோட்டம் இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் உண்டியலில் பல நாள் போட்ட காசை ஒரே நாளில் எண்ணுவது போல, கரைசலில் உள்ள காரீய அயனிகளைச் சில நிமிடங்கள் மின்முனையின் மேல் உலோகமாகப் படியவைத்துச் சேர்த்து, பிறகு ஒரே வீச்சில் கரைத்து, அப்போது பாயும் மின்னோட்டத்தை அளக்கிறோம். இதை நேர்மின் உரிப்பு வோல்ட்டாமெட்ரி என்பார்கள். ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய மின்னழுத்தத்தில் கரைவதால், மின்னோட்ட வரைபடத்தில் முகடு எழும் இடம் அது எந்த உலோகம் என்பதையும், முகட்டின் உயரம் அந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சொல்லும். பிஸ்மத் படலத்தின் மேல், வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையோடு ஒப்பிடுகையில், துத்தநாகம் ஏறத்தாழ −1.1 வோல்ட்டிலும், காட்மியம் −0.8 வோல்ட்டிலும், காரீயம் −0.55 வோல்ட்டிலும் முகடு காட்டும். பிஸ்மத் தானே −0.1 வோல்ட்டை ஒட்டிக் கரையும்.

இந்த வழியின் வேர், யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் சொட்டும் பாதரச மின்முனையைக் கொண்டு உருவாக்கிய, மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளக்கும் போலரோகிராஃபி. அதற்காக அவருக்கு 1959-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பாதரசம் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான உலோகம் என்றாலும், கல்லூரிக் கூடத்திலோ வயல்வெளியிலோ அதைக் கையாள இன்று யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியாவும் 2018-இல் ஏற்றுக்கொண்டது. ஜோசப் வாங்கும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் பிஸ்மத் படலம் பாதரசத்துக்கு ஈடாக வேலை செய்யும் என்று காட்டினார்கள். பிஸ்மத், காரீயத்தோடு எளிதில் உலோகக் கலவையாகிறது. அதன் நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. நாமும் அதையே பயன்படுத்துவோம்.

மின்முனையை அச்சிடுதல்

இறக்குமதியாகும் அச்சிட்ட மின்முனைகளை வாங்கிப் பழகுவதில் தவறில்லை. எனினும் ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குப் பயன்பட வேண்டுமானால் இங்கேயே அச்சிடக் கற்றுக்கொள்வது நல்லது. அதற்கு வேண்டிய கைத்திறன் கொங்கு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. திருப்பூரில் பனியனில் படம் அச்சிடும் பட்டறைகளில் சட்டத்தில் பாலியெஸ்டர் வலையை இழுத்துக் கட்டி, எமல்ஷன் பூசி, படத்தை ஒளியில் பதித்து, தண்ணீரில் கழுவித் திறக்கும் வேலையை ஒரே நாளில் முடித்துக் கொடுக்கிறார்கள். நமக்கும் அதே தொழில்தான்; மையும் அச்சிடும் பரப்பும்தான் வேறு. சென்டிமீட்டருக்கு 77 இழைகள் கொண்ட வலை கார்பன் மைக்குப் பொருந்தும். துணி அச்சுக்கு வழக்கமாகப் போடும் அகலக் கண் வலையில் மை தடித்து விழுந்து ஓரங்கள் பிசிறடிக்கும். பழைய சட்டங்களை வாங்காதீர்கள். துணிச் சாயத்தின் நிறமிகள் வலையில் தங்கியிருந்து பின்னால் தொல்லை கொடுக்கும்.

கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலியெஸ்டர் தாளின் மேல், முதலில் இணைப்புத் தடங்களுக்கு வெள்ளி மையும், ஒப்பீட்டு மின்முனைக்கு வெள்ளி–வெள்ளி குளோரைடு மையும் அச்சிட வேண்டும். அது உலர்ந்தபின், காரீயம் படியும் செயல்மின்முனையை 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமாகவும், மின்னோட்டச் சுற்றை நிறைவாக்கும் துணை மின்முனையை அதைச் சுற்றி வளைந்த பட்டையாகவும் கார்பன் மையில் அச்சிடுங்கள். கடைசியாகக் காப்பு மையால் தடங்களை மூடி, மூன்று மின்முனைகளும் இணைப்பு முனைகளும் மட்டும் திறந்திருக்கும்படி விட வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் மை தயாரிப்பாளர் சொல்லும் வெப்பத்தில் உலர்த்துங்கள். பாலியெஸ்டர் தாள் அதிக வெப்பத்தில் சுருளும் என்பதால் 60 முதல் 80 டிகிரியிலேயே உலரும் மைகளையே தேர்ந்தெடுப்பது நலம். கார்பன் அடுக்கில் ஊசித்துளை அளவு இடைவெளி இருந்தாலும் அடியிலுள்ள வெள்ளி கரைசலைத் தொட்டுப் பொய் முகடு எழுப்பும். அதனால் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தே நறுக்க வேண்டும்.

நறுக்கிய பட்டைகளை உடனே காரீயத்தில் சோதிக்கத் தேவையில்லை. 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 5 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைத்து, ஒவ்வோர் அச்சுத் தாளிலிருந்தும் ஐந்து பட்டைகளை எடுத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சுழற்சி வோல்ட்டாமெட்ரி செய்து பாருங்கள். ஐந்தின் முகட்டு உயரங்களும் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் அந்தத் தாளை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முழுத் தாளையும் ஒதுக்கிவிடுவதே நேர்மை. நல்ல பட்டைகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஆய்வுக் கட்டுரையில் போடும் பழக்கம் பிறகு கிணற்றடியில் நம்மைக் கைவிடும்.

அச்சு வசதி இல்லாத பள்ளிகள் 2 மில்லிமீட்டர் பென்சில் கிராஃபைட்டைச் செயல்மின்முனையாகவும் மற்றொரு கிராஃபைட் தண்டைத் துணை மின்முனையாகவும் வைத்துத் தொடங்கலாம். கோட்பாடு அதுவே, மாணவர்கள் முகடு எழுவதைக் கண்ணால் பார்க்க இதுவே போதும்.

கரைசல்களும் சுத்தமும்

அசிட்டேட் தாங்கல் கரைசலைச் செறிவாக, 1 மோலாராகவே தயாரியுங்கள். ஏன் என்பது கிணற்று நீரைப் பற்றிப் பேசும்போது விளங்கும். ஒரு லிட்டருக்குச் சுமார் 37 மி.லி. செறிந்த அசிட்டிக் அமிலமும், சுமார் 48 கிராம் சோடியம் அசிட்டேட் ட்ரைஹைட்ரேட்டும், 14.9 கிராம் பொட்டாசியம் குளோரைடும் எடுத்துக் கரைத்து, பி.எச். மீட்டரைப் பார்த்து 4.5-க்குச் சரிசெய்ய வேண்டும். மாதிரியோடு சரிபாதியாகக் கலந்தபின் இதில் குளோரைடு 0.1 மோலாராக நிற்கும்.

காரீய நியமக் கரைசலை, அதாவது செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசலை, லிட்டருக்கு 1000 மி.கி. என்று சான்றளிக்கப்பட்ட புட்டியாகவே வாங்கிவிடலாம். பயிற்சிக்குத் தானே தயாரிப்பவர்கள் 0.1598 கிராம் காரீய நைட்ரேட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து 100 மி.லி. ஆக்க வேண்டும். நீர்த்த கரைசல்களை அன்றன்றே தயாரியுங்கள். அமிலமில்லாத நீர்த்த கரைசலில் காரீயம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, செறிவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். பிஸ்மத் நைட்ரேட்டை வெறும் தண்ணீரில் போட்டால் வெண்மையாக வீழ்படியும். அதை 1 மோலார் நைட்ரிக் அமிலத்தில்தான் கரைக்க வேண்டும்.

பாட்டில், பீக்கர், பிப்பெட் முனை எல்லாவற்றையும் பத்து விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பல முறை அலசுங்கள். பிறகு காரீயம் எதுவும் சேர்க்காத வெற்றுக் கரைசலை அளந்து பாருங்கள். வெற்றுச் சோதனையில் −0.55 வோல்ட்டில் ஒன்றும் எழாத வரையில்தான் மேலே செல்லலாம்.

இந்த இடத்தில் எங்கள் ஆய்வகத்தில் இரண்டு வாரங்கள் வீணாயின. வெற்றுக் கரைசலில் நாள்தோறும் காரீய முகடு எழுந்தது. தண்ணீரை மாற்றினோம், அமிலத்தை மாற்றினோம், புதுத் தாங்கல் கரைசல் செய்தோம், முகடு போகவில்லை. காலையில் சிறியதாகவும் மாலையில் பெரியதாகவும் எழுந்ததைக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தோம். பட்டைகளுக்கான இணைப்புக் கம்பிகளை மாணவர்கள் அதே மேசையின் மறுமுனையில் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பற்றாசுக் கம்பியில் 60 விழுக்காடு வெள்ளீயமும் 40 விழுக்காடு காரீயமும் இருந்தன. கம்பியைத் தொட்ட கையோடு பிப்பெட் முனைப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். பற்றவைக்கும் வேலையை வேறு அறைக்கு மாற்றி, காரீயமில்லாப் பற்றாசு வாங்கி, மேசையை நீர்த்த அமிலத்தில் துடைத்த மறுநாள் கோடு தட்டையானது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளக்கப் போகிறவர்கள் சுவரில் உரியும் பழைய பெயின்ட், பித்தளைக் குழாய், சன்னல் வழியே வரும் தெருப் புழுதி ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். நாங்கள் நான்காவதாகக் கையையும் சேர்த்துக்கொண்டோம்.

ஓர் அளவீடு

5 மி.லி. மாதிரியும் 5 மி.லி. தாங்கல் கரைசலும் கலந்து, அதில் பிஸ்மத் லிட்டருக்கு 1 மி.கி. இருக்கும்படி சேர்த்து, காந்தக் கலக்கியின் மேல் வைத்துப் பட்டையை அமிழ்த்துங்கள். முதலில் +0.3 வோல்ட்டில் 30 நொடி வைத்து மின்முனையைத் துப்புரவாக்கி, பிறகு கலக்கியபடியே −1.2 வோல்ட்டில் 180 நொடி வையுங்கள். பிஸ்மத்தும் காரீயமும் சேர்ந்து படியும். கூர்ந்து பார்த்தால் கறுப்பு வட்டத்தின் மேல் மெல்லிய சாம்பல் மினுக்கம் தெரியும். கலக்கியை நிறுத்தி 15 நொடி அடங்கவிட்டு, −1.2 முதல் +0.1 வோல்ட் வரை, மின்னழுத்தத்தைச் சிறு படிகளாக ஏற்றும் சதுர அலை வீச்சு செலுத்த வேண்டும். அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ், வீச்சளவு 25 மில்லிவோல்ட், படி 5 மில்லிவோல்ட் என்று தொடங்கினால் பெரும்பாலான பட்டைகளில் நல்ல முகடு கிடைக்கும். சதுர அலை வீச்சு கரைந்துள்ள ஆக்சிஜனின் பின்னணியைப் பெருமளவு நீக்கிவிடுவதால் நைட்ரஜன் செலுத்தத் தேவையில்லை. வயல்வெளிக்குக் கொண்டுபோகும் கருவிக்கு இது பெரிய வசதி.

கலக்கும் வேகம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டையின் மேல் ஒரு சொட்டை மட்டும் வைத்து அளக்கும் முறை பார்க்க எளிமையானது. ஆனால் கலக்காத சொட்டில் காரீயம் மின்முனையை மெதுவாகத்தான் வந்தடையும், ஆகவே இந்தச் செறிவுகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பநிலையையும் குறித்து வையுங்கள்; ஒரு டிகிரி ஏறினால் அயனிகளின் பரவல் இரண்டு விழுக்காடு வரை கூடும், மார்கழிக் காலையில் போட்ட அளவுத்திருத்தக் கோடு சித்திரை மதியத்துக்குப் பொருந்தாது.

0, 2, 5, 10, 20, 50 மைக்ரோகிராம் செறிவுகளில் ஒவ்வொன்றையும் மும்முறை அளந்து நேர்கோடு வரையுங்கள். மிகக் குறைந்த நியமக் கரைசலான 2 மைக்ரோகிராமைத் தனித்தனிப் பட்டைகளில் பத்து முறை அளந்து கிடைக்கும் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கிக் கோட்டின் சாய்வால் வகுத்தால் கண்டறியும் எல்லை கிடைக்கும். ஒரே பட்டையில் பத்து முறை அளந்து கணக்கிட்டால் எண் அழகாக வரும். ஆனால் பயன்படுத்துபவர் ஒவ்வொரு கிணற்றுக்கும் புதுப் பட்டையைத்தான் எடுப்பார்.

கிணற்று நீருக்குள்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நீர் தேங்கியதும், கழிவு நீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை அடையும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டதும் இப்பகுதியார் அறிந்தவை. சாயக்கழிவின் முதன்மைச் சிக்கல் உப்புதான், காரீயம் அல்ல. ஆனால் அந்த உப்பும், சாய மிச்சமும், சோப்புப் பொருள்களும் நம் உணரியின் வாயை அடைப்பவை. காரீயம் வேறு வழிகளில் வரும்: பழைய மின்கலங்களை உடைக்கும் இடங்கள், வார்ப்படப் பட்டறைக் கழிவுகள், காரீயம் கலந்த பித்தளைக் குழாய்களும் நீர்மூழ்கி மோட்டாரின் வெண்கலப் புஷ்களும், காரீய நிலைப்படுத்தி சேர்த்த பழைய பி.வி.சி. குழாய்கள். கடைசியாகச் சொன்னதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-இல் விதிகளை வகுத்தது; அதற்கு முன் பதித்த குழாய்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன.

ஆகவே ஒரு கிணற்றில் இரண்டு மாதிரிகள் எடுங்கள். இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் முதல் வீச்சிலேயே பிடிப்பது ஒன்று. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடிப்பது மற்றொன்று. முதலாவதில் காரீயம் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் பெரும்பாலும் குழாயும் மோட்டாரும்தான் காரணம், கிணறு அல்ல. தோட்டத்துக்காரருக்கு இந்த வேறுபாடு பெரிய செய்தி: புதுக் கிணறு வெட்டுவதற்குப் பதிலாக ஒரு குழாயை மாற்றினால் போதும்.

எடுத்தவுடன் லிட்டருக்கு 1.5 மி.லி. செறிந்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, பி.எச். 2-க்குக் கீழே இறங்கியதா என்று தாளால் பாருங்கள். நம் பகுதியின் கடின நீரில் உள்ள பைகார்பனேட்டு அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால் இன்னும் சிறிது தேவைப்படலாம். இப்படி அமிலமாக்கிய நீரை, நூல்களில் வழக்கமாகச் சொல்லும் 0.1 மோலார் தாங்கல் கரைசலோடு சரிபாதியாகக் கலந்தால் பி.எச். 4-க்குக் கீழே சரிந்து, முகடு இடம் மாறிவிடும். 1 மோலார் கரைசல் இந்த அமிலத்தைத் தாங்கிக்கொண்டு 4.5-ஐ ஒட்டியே நிற்கும். எங்கள் உணரி அந்த முதல் கிணற்றில் தவறியதற்கு ஒரு காரணம் இதுதான்.

மற்றொரு காரணம் குளோரைடு. அச்சிட்ட வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையின் மின்னழுத்தம் கரைசலின் குளோரைடைப் பொறுத்தது. குளோரைடு பத்து மடங்கு ஏறினால் சுமார் 59 மில்லிவோல்ட் நகரும். சிறுவாணி நீரில் ஓரிடத்திலும் உப்புத்தண்ணீரில் வேறிடத்திலும் முகடு எழுந்தால், எது காரீயம் என்று அடையாளம் காண முடியாது. தாங்கல் கரைசலில் முன்பே பொட்டாசியம் குளோரைடு சேர்த்தது இதற்காகத்தான்: கிணற்றிலுள்ள உப்பு எவ்வளவு மாறினாலும், நாம் சேர்த்த பெரும்பகுதி அந்த மாற்றத்தைச் சிறிதாக்கிவிடும்.

இவ்வளவு செய்தபின்னும், தூய கரைசலில் போட்ட நேர்கோட்டைக் கிணற்று நீருக்குப் பயன்படுத்தக் கூடாது. சாய்வு ஒவ்வொரு நீருக்கும் வேறு. அதனால் தெரிந்த அளவு காரீயத்தை மாதிரியிலேயே சேர்த்து ஒப்பிடும் நியமச் சேர்ப்பு முறையைக் கையாள வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 5 மி.லி. மாதிரியும் 5 மி.லி. தாங்கல் கரைசலும் கலந்த கலத்தில் முகடு 1.2 மைக்ரோஆம்பியர். அதில் லிட்டருக்கு 10 மி.கி. காரீயமுள்ள நியமக் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் சேர்த்தால், கலத்தின் செறிவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஏறும். இப்போது முகடு 3.0 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 10 மைக்ரோகிராமுக்கு 1.8 ஏறியிருக்கிறது, ஆகவே முதலில் இருந்த 1.2-க்கு உரியது 6.7 மைக்ரோகிராம். இங்கே நிறுத்திவிட்டால் நீர் எல்லைக்குள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் மாதிரி சரிபாதி நீர்த்திருந்தது. கிணற்றில் உண்மையான அளவு 13.3 மைக்ரோகிராம், எல்லைக்கு மேல். நீர்த்தலைப் பெருக்க மறந்த ஒரு வரியால் ஒரு வீட்டுக் குழந்தைகள் கெட்ட நீரைக் குடிப்பார்கள் என்பதால், இந்தக் கணக்கை நான் மாணவர்களிடம் ஒவ்வொரு முறையும் இருவரைத் தனித்தனியே போடச் சொல்வேன். ஒரே சேர்ப்போடு நிறுத்தாமல் மூன்று சேர்ப்புகள் செய்து, நான்கு புள்ளிகளும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

புள்ளிகள் வளைந்தாலோ, சேர்த்தும் முகடு ஏறாவிட்டாலோ, குறுக்கீடு இருக்கிறது. முதல் சந்தேகம் செம்பு: அது பிஸ்மத்தோடு இடத்துக்குப் போட்டியிட்டுக் காரீய முகட்டைச் சிறிதாக்கும். சிறிதளவு பொட்டாசியம் ஃபெரோசயனைடு சேர்த்தால் செம்பு கட்டுண்டு ஒதுங்கும். ஆனால் அது சேர்ந்த கழிவை வலுவான அமிலத்தோடு எக்காரணம் கொண்டும் கலக்கவோ சூடாக்கவோ கூடாது, நச்சு வாயு வெளிப்படும். இரண்டாவது சந்தேகம் சாயமும் சோப்பும். இவை மின்முனையில் ஏடு போலப் படிந்துவிடும். செயல்மின்முனையின் மேல் ஒரு விழுக்காடு நாஃபியான் என்ற பாலிமர்க் கரைசலில் சில மைக்ரோலிட்டர் விட்டு உலர்த்தினால், அந்தப் படலம் உலோக அயனிகளை உள்ளே விட்டுப் பெரிய மூலக்கூறுகளைத் தடுக்கும். அதுவும் போதாத கறுத்த நீருக்கு, மாதிரியில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துப் புறஊதா விளக்கின் கீழ் வைத்துக் கரிமப் பொருள்களைச் சிதைத்தபின் அளக்க வேண்டும். கரிமப் பொருளோடு பிணைந்திருக்கும் காரீயமும் அப்போதுதான் விடுபட்டுக் கணக்கில் வரும்.

மஞ்சள் தூளில் காரீய குரோமேட் கலப்படத்தை இந்த உணரியால் காண முடியுமா என்று ஈரோட்டு மாணவர்கள் கேட்பதுண்டு. முடியும், ஆனால் தூளை நைட்ரிக் அமிலத்தில் முழுவதும் செரிக்கவைத்து, மிகுந்த அமிலத்தை நீக்கிய பிறகுதான். அது தனி வேலை.

கருவியும் சரிபார்ப்பும்

மின்னழுத்தத்தைச் செலுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவியான பொட்டன்ஷியோஸ்டாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கையடக்கக் கருவி வாங்க முடிந்தால் வாங்குங்கள். தாமே கட்ட விரும்பும் மின்னணுவியல் மாணவர்கள் எல்.எம்.பி.91000 என்ற சில்லை எடுப்பார்கள். அது தரும் மின்னழுத்தப் படிகள் ஒப்பு மின்னழுத்தத்தின் இரண்டு விழுக்காடு அளவுக்குப் பெரியவை என்பதால், 5 மில்லிவோல்ட் படி வேண்டுமானால் ஒப்பு மின்னழுத்தத்தையே தனி எண்–ஒப்புமை மாற்றியால் நகர்த்த வேண்டும். கலத்தைத் தரையிணைத்த எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டு அளந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெருமளவு ஒழியும்.

உணரி ஆயத்தம் என்று சொல்வதற்கு முன், குறைந்தது இருபது கிணறுகளின் நீரை இரண்டு பங்காக்கி, ஒன்றை உங்கள் உணரியாலும் மற்றொன்றை உலோகங்களை நுட்பமாக அளக்கும் ஐ.சி.பி.–எம்.எஸ். அல்லது அணு உறிஞ்சல் கருவி உள்ள, தேசிய ஆய்வக அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலும் அளக்கச் செய்யுங்கள். அவர்களின் எண்ணை முன்கூட்டியே பார்க்காதீர்கள். தெரிந்த அளவு காரீயத்தை மாதிரியில் சேர்த்து, அதில் 80 முதல் 120 விழுக்காடு திரும்பக் கிடைக்கிறதா என்பதையும் ஒவ்வொரு வகை நீரிலும் பார்க்க வேண்டும்: ஆற்று நீர், ஆழ்துளைக் கிணறு, சாயப்பட்டறைப் பகுதிக் கிணறு என்று தனித்தனியே. மின்வேதியியலில் ஐயம் வந்தால் கேட்பதற்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருப்பது தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் கிடைத்த பேறு.

அளந்த கரைசல்களைத் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. கோவையில் சாக்கடையில் போவது நொய்யலுக்குத்தான் போய்ச் சேரும். பெயர் எழுதிய கேனில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். ஃபெரோசயனைடு சேர்ந்தவற்றுக்குத் தனிக் கேன்.

கிணற்றுக்காரருக்குக் கொடுக்கும் தாளில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். மாதிரி எடுத்த நாள், தேங்கிய நீரா ஓடவிட்ட நீரா, அளவும் அதன் பிழை வரம்பும், அரசு எல்லையான 10 மைக்ரோகிராம் ஆகியவற்றை அவர் படிக்கும் தமிழில் எழுத வேண்டும். அளவு 8 முதல் 12-க்குள் இருந்தால் "எல்லையை ஒட்டி உள்ளது, ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கும்வரை குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். காரீயம் கொதிக்கவைத்தால் போகாது, நீர் சுண்டும்போது செறிவு கூடவே செய்யும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்வது அதைத்தான். நாங்கள் அந்தத் தோட்டத்துக்கு இரண்டாம் முறை சென்றபோது அப்படி ஒரு தாளோடுதான் சென்றோம். தேங்கிய நீரில் எல்லைக்கு மேலும், அரை மணி நேரம் ஓடவிட்ட நீரில் கண்டறியும் எல்லைக்குக் கீழும் வந்திருந்தது. கிணற்றடியிலிருந்த பழைய பித்தளைக் குழாயை அவர் அன்று மாலையே கழற்றிவிட்டார். மாற்றிய பிறகு மூன்றாவது மாதிரி எடுக்க ஒரு பாட்டிலை அவரிடமே விட்டு வந்தோம்.